டீச்சரைக் கேளுங்கள்: எந்தத் தெருவில் வீடு?

பதில் சொல்பவர்: காட்பாடியில் வசிக்கும், ஓய்வு பெற்ற அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை

*கேள்வி: டீச்சர், என் மகள் நியூஜெர்ஸியில் இருக்கிறாள். பேரனுக்கு ஐந்து வயது ஆகப் போகிறது. பள்ளிக்கூடத்துக்காக வீடு மாறுகிறார்களாம். புது வீடு இப்போது இருப்பதைவிடச் சின்னது, வாடகை மட்டும் கூடுதல். அரசுப் பள்ளிதானே, எங்கே சேர்த்தால் என்ன என்று கேட்டால், ‘உனக்குப் புரியாதும்மா’ என்கிறாள். உங்களுக்காவது புரிகிறதா?*
— ஒரு பாட்டி, சத்துவாச்சாரி

பதில்: புரிகிறது அம்மா, எனக்கும் ஒருவன் புரிய வைத்ததால். என் நாத்தனார் மகன் டெக்ஸாஸில் வீடு வாங்கியபோது சமையலறை பெரிசா என்று கேட்டேன். அவன் பள்ளி மாவட்டத்தின் பேரைச் சொன்னான்.

அங்கே பள்ளி மாவட்டம் என்பது கலெக்டர் இருக்கும் மாவட்டம் இல்லை. பள்ளிக்கூடம் நடத்துவதற்கென்றே எல்லை பிரித்த ஒரு நிர்வாகம். நாடு முழுக்கச் சுமார் 13,000 இருக்கின்றன. நியூஜெர்ஸி என்ற சின்ன மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 600. (2019-ல் நம் வேலூரை மூன்றாகப் பிரித்ததற்கே எந்த ஆபீஸ் எந்த ஊரில் என்று தேடிக்கொண்டு திரிந்தோம்.) எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைக்குத்தான் அங்கே இடம். சொந்த வீடு வேண்டியதில்லை, வாடகைக்கு இருந்தாலும் போதும். ஆனால் உண்மையிலேயே அங்கே குடியிருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் என்று காட்டவும் வேண்டும். பெரிய மாவட்டமாக இருந்தால் அதற்குள்ளேயே எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று இன்னொரு கோடும் இருக்கும்.

இவ்வளவு கறார் ஏன் என்றால் காசு. அரசுப் பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு சுமார் பத்தில் ஒன்றுதான். மிச்சத்தை மாநிலமும் உள்ளூரும் ஏறக்குறைய சரிபாதியாகப் போடுகின்றன. உள்ளூர்ப் பங்கில் பெரும்பகுதி சொத்துவரி. நியூஜெர்ஸியில் வசூலாகும் சொத்துவரியில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களுக்கே போகிறது. வாடகைக்கு இருப்பவர்கள் நேரே கட்டுவதில்லை என்றாலும், வீட்டுக்காரர் அதைச் சேர்த்துத்தானே வாடகை சொல்வார்? உங்கள் மகள் கூடுதலாகக் கொடுப்பதில் ஒரு பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஏழைகள் பாடு என்ன என்று யாரும் கேட்காமல் இல்லை. டெக்ஸாஸில் சான் அன்டோனியோ நகரத்தில் எட்ஜ்வுட், ஆலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். முதலாவதில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குடும்பங்கள், இரண்டாவதில் வசதியானவர்கள். 1967-68 கணக்குப்படி எட்ஜ்வுட்காரர்கள் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள்; ஆலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான். அப்படிக் கட்டியும் எட்ஜ்வுட்டின் உள்ளூர் வரி ஒரு பிள்ளைக்கு 26 டாலர்தான் கூடுதலாகத் தந்தது. ஆலமோ ஹைட்ஸில் அது 333 டாலர். வீட்டு மதிப்பே குறைவு என்றால் எவ்வளவு வரி போட்டு என்ன பிரயோசனம்? பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 1973-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களைத் தோற்கடித்தது. கல்வி என்பது நாட்டின் அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை இல்லை என்றது. அதற்கப்புறம் சண்டை மாநில நீதிமன்றங்களுக்குப் போனது. உங்கள் மகள் இருக்கும் மாநிலத்தில் 1990-ல் வந்த தீர்ப்பு, ஏழை நகரப் பள்ளிகளுக்குப் பணக்கார ஊர்ப் பள்ளிகளுக்கு ஈடாக மாநிலமே பணம் தர வேண்டும் என்றது. அதனால் ‘அந்த ஊர்ப் பள்ளி மோசம்’ என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம், ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். சின்ன வீட்டில் பேரன் குதித்து விளையாட இடம் இருக்குமா என்பது எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி.

*கேள்வி: என் அண்ணன் பன்னிரண்டு வருடமாக டெக்ஸாஸில் இருக்கிறார். என் மகன் ஆறாவது படிக்கிறான். அண்ணன் வீட்டு முகவரியில் அங்குள்ள அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டால் ஃபீஸ் இல்லாமல் படிப்பான் இல்லையா?*
— ஒரு தகப்பனார், குடியாத்தம்

பதில்: நடக்காது தம்பி. பெரியப்பா வீட்டு முகவரி சரியாகவே இருந்தாலும் விசா குறுக்கே நிற்கும். 1996-ல் வந்த சட்டப்படி மாணவர் விசாவில் போகும் பிள்ளை எட்டாவது வரை அரசுப் பள்ளியில் சேரவே முடியாது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அதிகபட்சம் 12 மாதம் படிக்கலாம். ஆனால் ஒரு பிள்ளைக்கு அந்தப் பள்ளி மாவட்டத்துக்கு ஆகும் முழுச் செலவையும் கட்ட வேண்டும். உள்ளூரில் வரி கட்டாதவன் பிள்ளைக்கு உள்ளூர் வரியில் பாடம் எதற்கு என்பதுதான் உள்ளர்த்தம். சுற்றுலா விசாவில் போய்ப் பள்ளியில் உட்காரவும் கூடாது. நீங்களே எச்-1பி விசாவில் வேலைக்குப் போனால் பையன் எச்-4 விசாவில் வருவான். அப்போது குடியிருக்கும் முகவரி ஒன்றே போதும், ஃபீஸ் இல்லை.

விசா முடிந்தவர்கள் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்களே என்று அண்ணன் சொல்லியிருக்கலாம். உண்மைதான். குடியேற்றத் தாள் இல்லை என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் டெக்ஸாஸ் வழக்கில்தான். அதை நம்பிப் பையனின் நாளைய விசாவைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறாவதுக்குக் குடியாத்தத்திலேயே நல்ல பள்ளிகள் இருக்கின்றன.

*கேள்வி: அமெரிக்காவில் பொய் முகவரி கொடுத்தால் ஜெயில் என்கிறார்களே, கதைதானே?*
— ஒரு கல்லூரி மாணவி, பாகாயம்

பதில்: கதை இல்லை. ஒஹையோ மாநிலம் அக்ரன் நகரத்தில் ஒரு தாய், தன் அப்பா வீட்டு முகவரியைக் காட்டி இரண்டு பெண்களைப் பக்கத்து மாவட்டப் பள்ளியில் படிக்க வைத்தார். பிள்ளைகள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்க்க அந்தப் பள்ளி நிர்வாகம் துப்பறிவாளரை வைத்தது. 2011-ல் ஆவணத்தைத் திருத்திய குற்றம் என்று தீர்ப்பாகி, அவர் ஒன்பது நாள் சிறையில் இருந்தார். நாடே பேசிய பிறகு ஆளுநர் தலையிட்டுக் குற்றத்தின் தரத்தைக் குறைத்தார். தாத்தா வீடு என்பது பிள்ளைகளுக்கு அந்நிய வீடா என்ன? சட்டத்துக்கு அந்தக் கேள்வி கிடையாது. வீடே இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும் 1987-ல் வந்த ஒரு சட்டம் முகவரித் தாள் கேட்காமல் கதவைத் திறந்துவிடுகிறது.

*கேள்வி: ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு இப்போது வேலூருக்கு வந்திருக்கிறோம். வாடகை வீடு, ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. ஆதாரில் பழைய முகவரி. டி.சி.யும் இன்னும் வரவில்லை. பெண்ணை மூன்றாவதில் சேர்க்க வேண்டும், சேர்ப்பார்களா?*
— ஒரு தாய், கொசப்பேட்டை

பதில்: நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள் அம்மா. 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டப்படி, டி.சி. வரத் தாமதமாகிறது, வயதுச் சான்று இல்லை, சேர்க்கைத் தேதி தாண்டிவிட்டது என்று எதைக் காட்டியும் பெண்ணைத் திருப்பி அனுப்பக் கூடாது. முகவரி எதுவானாலும் அரசுப் பள்ளியில் சேர்ப்பார்கள். சேர்க்காமல் என்ன செய்வார்கள்? நம் ஊரில் ஆசிரியர் சம்பளம் மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது, தெருவிலுள்ள வீடுகளின் மதிப்பிலிருந்து இல்லை. எத்தனை ஆசிரியர் என்பதைத் தீர்மானிப்பது பிள்ளைகளின் எண்ணிக்கை. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஒருவர் என்பது கணக்கு. பள்ளி மானியமும் அப்படியே. சமக்ர சிக்ஷா திட்டத்தில் 100 பேருக்கு மேல் 250 வரை இருந்தால் வருடத்துக்கு 50,000 ரூபாய், 30 பேருக்குள் என்றால் 10,000. அதனால்தான் மே மாத வெயிலில் குடையும் நோட்டீசுமாகத் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளை கேட்டோம். ‘உங்க பள்ளிக்கூடத்துல டை உண்டா டீச்சர்?’ என்று வாசலிலேயே கேட்டு அனுப்பியவர்களும் உண்டு. எந்தத் தெரு, எந்த ஊர் என்று நான் யாரையும் கேட்டதில்லை.

முகவரி இங்கே பிடித்து இழுப்பது ஒரே இடத்தில்தான்: தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவச இடங்கள். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நலிந்த பிரிவில் கேட்டால் வருட வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அந்த இடத்துக்கான காசை அந்தத் தனியார் பள்ளிக்கு அரசு திருப்பித் தருகிறது. உடனே பாருங்கள், நம்மவர்களும் வீடு மாறத் தொடங்கிவிடுகிறார்கள், தாளில் மட்டும். விண்ணப்பக் காலத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நின்று பாருங்கள். மை காயாத வாடகை ஒப்பந்தங்கள் கை மாறும். அமெரிக்காக்காரரைக் குறை சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

உங்கள் பெண் மூன்றாவது என்பதால் அந்த இடங்களுக்கு வாய்ப்பில்லை, எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு போன்ற நுழைவு வகுப்பில்தான் அவை. பழைய பள்ளிக்கு ஒரு போன் போட்டு டி.சி.யை அனுப்பச் சொல்லுங்கள். அது வரும்வரை பெண் வகுப்பில் உட்காரலாம். சீருடை, புத்தகம், மதியச் சாப்பாடு எதற்கும் காசு கேட்க மாட்டார்கள். யாராவது கேட்டால், கேட்டவர் பேரை எழுதிக்கொண்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் போங்கள்.