வீட்டுப்பாடம் எல்லாம் சரி, தேர்வில் மட்டும் ஏன் தப்பு?

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். தினமும் ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்ய வைக்கிறேன். நோட்டில் ஒரு தப்பு இருக்காது. ஆனால் தேர்வில் கழித்தலிலும் வாக்கியக் கணக்கிலும் கோட்டை விட்டுவிடுகிறான். டீச்சரைக் கேட்டால், "வீட்டில் இன்னும் கொஞ்சம் கவனிங்க" என்கிறார். இதற்கு மேல் என்ன கவனிப்பது? அவரிடம் எப்படிப் பேசுவது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தப்பே இல்லாத அந்த நோட்டுதான் சிக்கல். அதைத் திருத்தும் டீச்சர் பார்ப்பது உங்கள் கணக்கை. எல்லாம் சரியாக இருப்பதால் பையனுக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார். தேர்வில் சறுக்கும்போது அவருக்கு அது கவனக்குறைவாகத் தெரிகிறது. உங்களுக்கோ வகுப்பில் சரியாகச் சொல்லித்தரவில்லை என்று தோன்றுகிறது. அவன் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறான் என்பது இருவருக்குமே தெரியவில்லை.

ஆகவே இரண்டு வாரத்துக்கு வீட்டுப்பாடத்தைத் திருத்தாதீர்கள். ரப்பரையும் எடுத்து வைத்துவிடுங்கள். தப்பாகப் போட்டதை ஒரு கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும். முதலில் என்ன நினைத்தான் என்பது அப்போதுதான் தெரியும். நேரத்தையும் குறையுங்கள். ஒரு வகுப்புக்கு 10 நிமிடம் என்று பல ஆசிரியர்கள் தோராயமாகக் கணக்கு வைப்பார்கள். மூன்றாம் வகுப்புக்கு 30 நிமிடம். அதைத் தாண்டி உட்கார வைத்தால் பல பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்தே விடையை ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள். 30 நிமிடம் ஆனதும் நிறுத்தி, நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள்: "30 நிமிடம். 6 கணக்கு தானாகப் போட்டான். 7ஆவதில் உதவினேன். 3 பாக்கி." இப்படிச் செய்யப்போவதை டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்தால் திட்டு வாங்குவது பிள்ளைதான்.

இரண்டு வாரம் கழித்து, கழித்தல் தப்புகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். 54இல் 28 போனால் 26. அவன் 34 என்று எழுதியிருந்தால், ஒன்றின் இடத்தில் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான்: 8இல் 4 போக 4. மேலே உள்ள எண்ணிலிருந்துதான் கீழே உள்ளதைக் கழிக்க வேண்டும் என்பதே இன்னும் பிடிபடவில்லை. 36 என்றால் கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது, கொடுத்த 5ஐ 4ஆகக் குறைக்க மறந்திருக்கிறான். 16 என்றால் விஷயம் வேறு. மேலே 5ஐ 4ஆக்கிக் கழிப்பது ஒரு முறை. மேலே கைவைக்காமல் கீழே 2ஐ 3ஆக்குவது இன்னொரு முறை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் 16 வரும். பள்ளியில் ஒன்றும் வீட்டில் நீங்கள் சின்ன வயதில் படித்த இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் சந்தேகப்படலாம். இரண்டு முறையும் சரியானவைதான், ஆனால் பள்ளி முறை கை பழகும்வரை மற்றதைக் காட்டக் கூடாது. இங்கே விட்டுக்கொடுக்க வேண்டியது வீடுதான், ஏனென்றால் அடுத்த பாடமும் பள்ளி முறையின் மேல்தான் வரும்.

வாக்கியக் கணக்குக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. அவன் தப்பாகப் போட்ட ஒன்றை எடுத்து, நீங்கள் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். காதால் கேட்டதும் சரியாகப் போட்டுவிட்டால் கணக்கில் குறையில்லை, வாசிப்பில்தான் குறை. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அந்தப் பக்கம் அவனுக்குக் கடினம்; எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் போய்விடும், பொருளுக்கு மிஞ்சாது. இந்தப் பிள்ளைக்கு இன்னும் இருபது கணக்கு கொடுத்துப் பயனில்லை.

இனி டீச்சர். பள்ளி வாசலில், விடும் நேரத்தில், பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு அதைவிட மோசம். "பத்து நிமிடம் வேண்டும், எப்போது வரலாம்?" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நோட்டையும் தேர்வுத் தாளையும் கொண்டுபோங்கள். "ஏன் மார்க் குறைகிறது?" என்று ஆரம்பித்தால் அவர் பதில் சொல்லித் தப்பிக்கத்தான் பார்ப்பார், யாராயிருந்தாலும் அப்படித்தான். "இந்த மாதிரித் தப்பு ஐந்து இடத்தில் வருகிறது, வகுப்பிலும் இப்படித்தான் செய்கிறானா?" என்று நோட்டைத் திறந்து காட்டுங்கள். வகுப்பில் எந்த முறையில் சொல்லித்தருகிறார் என்று கேட்டு, அவரையே ஒரு கணக்கு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தாளை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை எது என்று கேளுங்கள். நான்கைந்து வாங்கி வந்தால் எதுவும் நடக்காது.

அந்த வேலை எதுவானாலும் தினம் 10 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஒரு மணி நேரம் உட்காருவதைவிட அது மனத்தில் நிற்கும். கழித்தல் என்றால் நாளுக்கு நான்கு கணக்கு: இரண்டில் கடன் வாங்க வேண்டும், இரண்டில் தேவையில்லை. எல்லாமே கடன் வாங்கும் கணக்காக இருந்தால் யோசிக்காமலே 5ஐ அடித்து 4ஆக்கப் பழகிவிடுவான். மூன்றாவது வாரக் கடைசியில் உதவியில்லாமல் ஐந்து கணக்கு போடச் சொல்லி அந்தத் தாளை டீச்சருக்கு அனுப்புங்கள். மார்க் போட வேண்டாம்.

டீச்சரிடம் பேசப் போகும்போது இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: போர்டைப் பார்த்து எழுதும்போதுதான் எண்கள் மாறுகின்றனவா, புத்தகத்தைப் பார்த்து எழுதும்போதும் மாறுகின்றனவா? போர்டில் மட்டும் என்றால் முதலில் கண் பரிசோதனை. இரண்டிலும் மாறி, வாசிப்பும் தடுக்கி, இருவரும் சேர்ந்து இரண்டு மாதம் உழைத்தும் அசையவில்லை என்றால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் காட்டுங்கள். அப்போது அந்த அழிக்காத நோட்டையும் எடுத்துப் போங்கள். அவருக்கும் அது உதவும்.