காயவச்ச கடல் குதிரைய வித்தா மச்சானுக்கு பிரச்சனை வருமா?

வரும் ப்ரோ, விக்கவே வேணாம். மச்சான் போட்டுல வலையில மாட்டுனத காயவச்சு ஒரு டப்பா நிறைய வச்சிருக்காரு, யாரோ போன்ல பேசி நல்ல ரேட் தர்றேன்னு சொல்றாருன்னு போட்டிருந்தீங்க. நானும் கடலூர் முதுநகர்தான். எங்க சித்தப்பா வலைய உதறும்போது பாத்திருக்கேன், விரல் நீளம் கூட இருக்காது, வாலால நூல சுத்தி புடிச்சிக்கிட்டு விடவே விடாது, அதுலயும் வயித்துல பையோட குட்டி சுமக்கறது ஆம்பள.

2001-லயே கடல் குதிரை, கடல் அட்டை ரெண்டையும் வனஉயிரின சட்டத்துல அட்டவணை 1-ல சேத்துட்டாங்க, அதாவது புலிக்கு என்ன சட்டமோ அதேதான் இதுக்கும். 3 வருஷத்துலருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் 25,000-க்கு குறையாது, ஏத்திட்டு போன வண்டியையும் புடிச்சு வச்சிக்குவாங்க. வலையில தானா வந்துச்சுங்கறது சரி, ஆனா காயவச்சு சேத்து வச்சா அது தானா வந்த கணக்குல வராது.

அந்த போன் பார்ட்டி கடைசி ஆள் இல்ல, சரக்கு கைமாறி கைமாறி சீன மருந்துக்குன்னு வெளிநாட்டுக்கு போகும், மாட்டும்போது மட்டும் கைல டப்பா வச்சிருக்கற மச்சான்தான் மாட்டுவாரு. கூரியர்ல அனுப்புன்னு சொன்னா சுத்தமா ஒத்துக்காதீங்க.

இருக்கறத எரிக்காதீங்க, பொதைக்காதீங்க. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர கூட்டிட்டு போய் வனத்துறை ஆபீஸ்ல விஷயத்த சொல்லி ஒப்படைங்க. அந்த ஆளோட நம்பர், மெசேஜ் எதையும் அழிக்காம வைங்க. இனிமே உசுரோட வந்தா அங்கயே தண்ணில விட்டுட சொல்லுங்க.