நடுவர் தவறா, சட்டம் தவறா? ஐரோப்பிய நாக் அவுட் ஆட்டங்கள்: கேள்வி பதில்

மாவட்ட லீக் ஆட்டங்களில் 11 ஆண்டுகள் கொடியும் விசிலும் பிடித்தவன் நான். சாம்பியன்ஸ் லீக் தீர்ப்புகளைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான். நடுவரின் கண் தவறியதா, அவர் கையிலிருந்த சட்டமே கோணலா, அல்லது விசிலை ஊதிய நேரம் தவறா? இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

ஹூலியன் ஆல்வாரெஸின் பெனால்டியை ரத்து செய்தது அநியாயம் இல்லையா? கோல் வலைக்குள் போய்விட்டதே! (அட்லெடிகோ ரசிகர்)

அநியாயம்தான். ஆனால் அதைச் செய்தவர் நடுவர் மார்சினியாக் அல்லர். 2025 மார்ச் 12 அன்று ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஆட்டத்தில், முதல் அரை நிமிடத்துக்குள் அட்லெடிகோவின் காலகர் கோல் அடித்தார். இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 2-2 என்று நின்று, பெனால்டி ஷூட் அவுட் வரை போனது. ஆல்வாரெஸ் ஓடி வந்து உதைக்கும் கணத்தில் ஊன்றிய இடது கால் வழுக்கியது. வலது காலால் உதைத்த பந்து, மேலெழும் முன்பே இடது காலை உரசியது. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பந்தின் சுழற்சி சட்டென்று மாறுவது தெரியும். சாதாரண வேகத்தில் நான் கவனிக்கவே இல்லை.

அன்றைய விதிப்படி, உதைத்தவர் மற்றொருவர் தொடும் முன் பந்தை இரண்டாம் முறை தொடக்கூடாது. தெரிந்து தொட்டாரா, தெரியாமல் பட்டதா என்று விதி பிரித்துப் பார்க்கவில்லை. ஷூட் அவுட்டில் அப்படி நடந்தால் அந்த உதை தவறவிட்டதாகவே கணக்கு. வீடியோ நடுவர் பார்த்தார், சொன்னார், முடிந்தது. ரியல் 4-2 என்று வென்றது. அதே ஆண்டு ஜூனில், விதிகளை வகுக்கும் ஐ.எஃப்.ஏ.பி. அமைப்பு விளக்கம் வெளியிட்டது: தற்செயலாக இரு முறை பட்டு கோலானால் மறுபடி உதைக்கலாம். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் ஆல்வாரெஸ் பந்தை மீண்டும் அதே புள்ளியில் வைத்திருப்பார். அட்லெடிகோவின் மார்கோஸ் யொரெந்தே கம்பத்தில் அடித்த உதை அப்போதும் கம்பத்தில்தான் பட்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2024 அரையிறுதியில் டி லிக்ட் அடித்த கோலை வீடியோவில் ஏன் பார்க்கவில்லை? (பயர்ன் மியூனிக் ரசிகர்)

என்னை இன்றும் உறுத்தும் கேள்வி இது. மே 8, பெர்னபேயு மைதானம். நம் ஊரில் அதிகாலை இரண்டரை மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. ஹோசேலு இரண்டு கோல் அடித்து ரியல் 2-1 என்று முன்னிலை, மொத்தத்தில் 4-3. கடைசி நொடிகளில் நெடும் பந்து ஒன்று ரியலின் பெனால்டி பெட்டிக்குள் போகிறது. பயர்னின் மஸ்ராவி ஆஃப்சைடு (சக வீரர் பந்தை உதைத்த கணத்தில் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி நின்றார்) என்று உதவி நடுவர் கொடியைத் தூக்குகிறார். மார்சினியாக் உடனே விசில் ஊதுகிறார். அதன் பிறகுதான் டி லிக்ட் பந்தை வலைக்குள் அடிக்கிறார்.

விசில் ஒலித்த கணத்தில் ஆட்டம் நின்றுவிடுகிறது. அதற்குப் பின் நடந்ததற்குச் சட்டத்தின் கண்ணில் இருப்பே இல்லை. வீடியோ நடுவர் பார்ப்பதற்கு அங்கே கோலும் இல்லை. தடுப்பாளர்களும் கோல்கீப்பரும் விசிலைக் கேட்டு நின்றிருக்கலாம் அல்லவா? அவர்களுக்கு அது ஆட்டம் நின்றதற்கான உத்தரவு.

இதற்காகத்தான் வீடியோ நடுவர் வந்த பிறகு உதவி நடுவர்களுக்கு ஒரு பாடம் சொல்லித் தரப்படுகிறது. கோல் விழும் வாய்ப்பு கண்முன் இருந்து, ஆஃப்சைடும் நூலிழையாக இருந்தால், கொடியைக் கீழேயே வைத்திரு. தாக்குதல் முடியட்டும், பிறகு தூக்கு. கோல் விழுந்தால் வீடியோ பார்த்துக்கொள்ளும். மஸ்ராவி ஆஃப்சைடில் இருந்தாரா இல்லையா என்பதை நான் வாதிட வரவில்லை. அதை அறிந்துகொள்ளும் வழியையே கொடியும் விசிலும் அடைத்துவிட்டன. இதை நடைமுறைத் தவறு என்பேன். கண் தவறுவது மனித இயல்பு, மன்னிக்கலாம். மூன்று நொடி காத்திருக்கத் தவறியதை என்னால் அவ்வளவு எளிதில் மன்னிக்க முடியவில்லை. உதவி நடுவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதாக டி லிக்ட் ஆட்டத்துக்குப் பின் சொன்னார்.

கோட்டில் நிற்பவர் ஒரே நேரத்தில் உதைப்பவரையும் முன்னே ஓடுபவரையும் எப்படிப் பார்க்கிறார்? (கல்லூரி மாணவர்)

பார்ப்பதில்லை, தம்பி. கண் கடைசித் தடுப்பாளரின் தோளை விட்டு அகலக்கூடாது. உதைக்கும் நொடியைக் காதால் பிடிக்க வேண்டும். பந்தில் கால் படும் அந்த 'தப்' ஒலி வந்ததும் கண்ணில் இருக்கும் காட்சியை மனத்தில் உறைய வைத்துக்கொள்ள வேண்டும். என் முதல் பருவத்தில் மூத்த நடுவர் ஒருவர் என்னைக் கோட்டில் நிறுத்தி, பந்து இருக்கும் பக்கம் தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அதட்டினார். காலி மைதானத்தில் அந்தப் பயிற்சி எளிது. எண்பதாயிரம் பேர் கத்தும்போது 'தப்' எங்கே கேட்கும்? அரைத் தானியங்கி ஆஃப்சைடு முறையை 2022-23 சாம்பியன்ஸ் லீக்கில் கொண்டுவந்ததை நான் முழு மனத்துடன் ஆதரிப்பதற்குக் காரணம் இதுதான்.

டாட்டன்ஹம் வீரர் பின்னோக்கித் தட்டிய பந்து அது. பிறகு அகுவேரோவுக்கு ஆஃப்சைடு எப்படி வரும்? (மான்செஸ்டர் சிட்டி ரசிகர்)

2019 ஏப்ரல் 17. கூடுதல் நிமிடங்களில் அகுவேரோ தந்த பந்தை ஸ்டெர்லிங் கோலாக்கியதும் மைதானமே வெடித்தது. பிறகு வீடியோ நடுவர் அதை அழித்தார். எரிக்சன் பின்னோக்கித் தட்டியது உண்மை. ஆனால் பந்து வழியில் பெர்னார்டோ சில்வாவின் மீது பட்டுத் திரும்பியது. கடைசியாகப் பட்டது சிட்டி வீரர் மீது. அந்தக் கணத்தில் அகுவேரோ தடுப்பாளரைத் தாண்டி நின்றார். சக வீரர் தெரிந்து கொடுத்தாரா, தெரியாமல் பட்டதா என்பது இதில் பொருட்டே இல்லை. தீர்ப்பு சரி.

உங்கள் கோபம் அதே ஆட்டத்தில் டாட்டன்ஹமின் ஃபெர்னாண்டோ யொரென்டே அடித்த கோல் மீது என்றால் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இடுப்பில் பட்ட பந்து அதற்கு முன் கையையும் உரசியது போலத்தான் எனக்குத் தெரிகிறது. ஆனால் அன்று விதி, வேண்டுமென்றே கை வைத்தால்தான் குற்றம் என்றது. தற்செயலாகக் கை பட்டு விழும் கோலும் செல்லாது என்ற திருத்தம் அந்த ஆண்டு ஜூன் 1 முதல்தான் வந்தது. ஆறு வாரத்தில் ஒரு கோலின் தலையெழுத்தே மாறியிருக்கும்.

2009 அரையிறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராக எங்களுக்கு மறுக்கப்பட்டவை எத்தனை பெனால்டிகள்? உண்மையைச் சொல்லுங்கள். (செல்சி ரசிகர்)

நான் விசில் வைத்திருந்தால் குறைந்தது ஒன்று கொடுத்திருப்பேன்: பெட்டிக்குள் பிக்கேயின் கையில் பட்டது. கடைசியில் பல்லாக் அடித்த பந்து எட்டோவின் கையில் பட்டதும் பலருக்கு அப்படியே தோன்றியது. எசியனின் கோலைப் பிடித்துக்கொண்டு 90 நிமிடம் தாண்டிய அணிக்கு, 93-ஆவது நிமிடத்தில் இனியெஸ்டா அடித்த பந்து எப்படி வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் செல்சி ரசிகர்கள் சொல்லாமல் விடும் ஒன்றும் உண்டு. 66-ஆவது நிமிடத்தில் அபிதாலுக்குக் காட்டிய சிவப்பு அட்டையும் தவறு. அனெல்காவை அவர் தொட்டதாகவே தெரியவில்லை. அந்தத் தவறு பார்சிலோனாவைப் பத்துப் பேராக்கியது. அன்று நடுவர் ஒவ்ரெபோ ஒரு பக்கம் சாயவில்லை. ஆட்டமே அவர் கையை விட்டு நழுவியிருந்தது. பின்னாளில், அது தன்னுடைய நல்ல நாள் அல்ல என்று அவரே ஒப்புக்கொண்டார். அதற்குள் அவருக்குக் கொலை மிரட்டல்கள் போயிருந்தன. தோல்வியின் வலி அதற்கு உரிமை தராது.

நடுவர்கள் விலைபோகிறார்கள் என்று சொன்னால் ஏன் கோபப்படுகிறீர்கள்? (பெயர் குறிப்பிடாதவர்)

ஆதாரத்தோடு சொன்னால் கோபப்பட மாட்டேன். ஆதாரமுள்ள ஒன்றை நானே தருகிறேன். 1984 யூஃபா கோப்பை அரையிறுதி: நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் முதல் ஆட்டத்தை 2-0 என வென்று பெல்ஜியம் போனது; ஆண்டர்லெக்ட் 3-0 என வென்றது. ஃபாரஸ்ட்டின் பால் ஹார்ட் கடைசியில் அடித்த கோல் செல்லாது என்றார் ஸ்பானிய நடுவர் குருசெட்டா. ஆண்டர்லெக்ட் தலைவர் வாண்டன் ஸ்டாக் அந்த நடுவருக்குப் பணம் கொடுத்த செய்தி 1997-இல்தான் வெளிவந்தது. அப்போது நடுவர் உயிருடன் இல்லை. அந்த ஃபாரஸ்ட் வீரர்களுக்கு இறுதிப் போட்டியை யார் திருப்பித் தருவார்? உண்மையான களவு இப்படித்தான் இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு ஹேண்ட்பாலுக்கும் அந்தச் சொல்லை வீசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெனால்டியை எதிர்த்த பஃப்பானுக்கு 2018-இல் சிவப்பு அட்டை காட்டியது சரியா? (யுவென்டஸ் ரசிகர்)

பெனால்டி சரி. பெனாட்டியா பின்னாலிருந்து லூக்காஸ் வாஸ்கெஸின் மேல் விழுந்தார். 93-ஆவது நிமிடம் என்பதற்காகக் குற்றம் குற்றமில்லாமல் போகாது. அட்டையும் சரி. ஆனால் மாட்ரிட்டில் 3-0 என்று முன்னேறி, மூன்று கோல் பின்தங்கியிருந்த கணக்கைச் சமன் செய்த அணியின் தலைவனுடைய கொதிப்பு எனக்குப் புரிகிறது.

வான் பெர்சிக்கு 2011-இல் கிடைத்த இரண்டாவது மஞ்சள் அட்டை? (ஆர்சனல் ரசிகர்)

மார்ச் 8, பார்சிலோனா. மொத்தத்தில் ஆர்சனல் 3-2 என்று முன்னிலை, 56-ஆவது நிமிடம். ஆஃப்சைடுக்கு விசில் ஒலித்து ஏறக்குறைய ஒரு நொடி கழித்து வான் பெர்சி கோலை நோக்கி அடித்தார். ஆட்டத்தைத் தாமதப்படுத்தினார் என்று நடுவர் புசாக்கா அட்டை காட்டினார். பத்துப் பேரான ஆர்சனல் 3-1 எனத் தோற்று, 4-3 என்ற மொத்தக் கணக்கில் வெளியேறியது. விசில் ஊதியபின் பந்தை உதைத்துத் தள்ளினால் எச்சரிக்க விதி இடம் தருகிறது. ஆனால் அவர் உதைத்தது நேரம் கடத்த அல்ல, கோல் அடிக்க. விசில் காதில் விழவில்லை என்றார் அவர். நான் அதை நம்புகிறேன். மைதானம் நிரம்பக் கத்தும் கூட்டத்துக்கு நடுவே, முன்னோக்கி முழு வேகத்தில் ஓடுபவனுக்கு ஒரு நொடிக்குள் விசில் கேட்டிருக்கும் என்று நான் எண்ணியிருக்க மாட்டேன். அந்த அட்டை என் சட்டைப் பையிலேயே இருந்திருக்கும்.