ஓபியாய்டு அளவு மீறியவர்களைக் காப்பாற்றப் பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாமே, அதில் என்ன சொல்லித் தருவார்கள்? நம் ஊருக்கு அது தேவையா?

நான் அந்தப் பயிற்சிக்கு ஆர்வமாகப் போனேன் என்றால் பொய். ஒஹையோவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தேன், பகலெல்லாம் பேச ஆள் கிடையாது, பக்கத்து நூலகத்தில் இலவச வகுப்பு என்று போட்டிருந்தார்கள், மருமகள் கொண்டுபோய் விட்டாள். ஒரு மணி நேரம்தான். அங்கே இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. 2022ல் மட்டும் அமெரிக்காவில் ஓபியாய்டு அளவு மீறிச் செத்தவர்கள் 80,000 பேருக்கு மேல். என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர்.

ஓபியாய்டு என்றால் அபின் வகை. மார்ஃபின், ஹெராயின், ஃபென்டனில், டிரமடால், டேபெண்டடால் எல்லாம் அந்தக் குடும்பம்தான். அளவு மீறினால் முதலில் அடிபடுவது மூச்சு, இதயம் அதற்கப்புறம்தான். மூச்சு குறைந்து குறைந்து நிற்கிறது, அதனால் பக்கத்தில் இருப்பவருக்குச் சில நிமிடம் கிடைக்கிறது. வகுப்பு முழுக்க அந்தச் சில நிமிடத்தைப் பற்றித்தான்.

முதலில் சத்தமாகக் கூப்பிட வேண்டும். எழுந்திருக்கவில்லை என்றால் முஷ்டியை மடக்கி நடுநெஞ்செலும்பில் அழுத்தித் தேய்க்க வேண்டும், நன்றாக வலிக்கும், தூங்குகிறவர் என்றால் கத்திக்கொண்டு எழுந்துவிடுவார். கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும். நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்கு நீலம் பாய்வது சட்டென்று தெரியாது, உதட்டிலும் நகத்திலும் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். உடனே ஆம்புலன்ஸ். அப்புறம் நலாக்சோன், ஓபியாய்டை முறிக்கிற மருந்து, மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரேயாக வருகிறது. ஒரு மூக்குத் துவாரத்தில் வைத்து ஒரே அழுத்து. சோதித்துப் பார்க்கிறேன் என்று காற்றில் அடித்தால் போச்சு, ஒரு குப்பியில் ஒரே டோஸ்தான். இரண்டு மூன்று நிமிடத்தில் அசைவில்லை என்றால் அடுத்த குப்பி, அடுத்த துவாரம். நடுவில் சும்மா நிற்கக் கூடாது, முகவாயைத் தூக்கி மூக்கைப் பிடித்து ஐந்து நொடிக்கு ஒரு தடவை வாய்வழியாக மூச்சு ஊத வேண்டும். அங்கே 2023லிருந்து இந்த ஸ்ப்ரேயைச் சீட்டில்லாமலே விற்கிறார்கள். ஓபியாய்டு எடுக்காதவருக்குத் தவறிப்போய் அடித்துவிட்டாலும் கெடுதல் இல்லை.

செய்யக் கூடாதவற்றையும் சொன்னார்கள்: தண்ணீரை மேலே கொட்டுவது, நிற்க வைத்து நடத்துவது, வாயில் எதையாவது ஊற்றுவது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊரில் போதை என்றாலே எலுமிச்சம்பழமும் மோரும்தானே! நினைவில்லாதவர் வாயில் மோரை ஊற்றினால் அது நேரே நுரையீரலுக்குப் போகும்.

முடிந்ததும் இரண்டு குப்பி வைத்த பெட்டி ஒன்று கொடுத்தார்கள். ஊருக்குக் கிளம்பும்போது அதை மகன் காரிலேயே போட்டுவிட்டு வந்தேன், காரைக்குடியில் இது எதற்கு என்று நானும்தான் நினைத்தேன்.

அடுத்த மார்கழியில் தேவகோட்டைக்கு அயித்தையைப் பார்க்கப் போனேன். புற்றுநோய், வலி தாங்காமல் ஃபென்டனில் பேட்ச் போட்டிருந்தார்கள், தோலில் ஒட்டினால் மூன்று நாளைக்கு மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மார்கழியில் ஆத்தங்குடிக் கல் தரை எப்படிச் சில்லிடும் என்று அந்த வீடுகளில் இருந்தவர்களுக்குத் தெரியும். குளிருது என்றார்களாம், பார்த்துக்கொள்கிற பெண் வெந்நீர்ப் பையை முதுகுக்குக் கொடுத்திருக்கிறாள், பேட்ச் ஒட்டியிருந்ததும் அதே முதுகு. நான் போனபோது குறட்டை முகப்பு வரைக்கும் கேட்டது. "இன்னைக்குத்தான் ஆச்சி அசந்து தூங்குறாங்க" என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள்.

குறட்டைக்கு நடுவில் இடைவெளி அதிகமாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், நிமிடத்துக்கு ஆறு. வகுப்பில் இந்தக் குறட்டையைப் பற்றித் தனியாகச் சொல்லியிருந்தார்கள், அது மட்டும் மறக்கவில்லை. பையைத் தூக்கி எறிந்து, பேட்சை உரித்து, நெஞ்செலும்பில் தேய்த்ததும் கண் பாதி திறந்தது. 108க்குச் சொல்லிவிட்டு "அயித்தை, மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சொன்னால் விடுகிறார்கள், நான் வாயை மூடினால் அவர்களும் நிறுத்திவிடுகிறார்கள்! ஆம்புலன்ஸ் வரும்வரை இதேதான்.

ஆஸ்பத்திரியில் நலாக்சோன் ஊசி போட்டதும் முழித்துவிட்டார்கள், முழித்த வேகத்தில் வலியில் அலறினார்கள். அந்த மருந்து ஓபியாய்டை அதன் இடத்திலிருந்து தள்ளிவிடும், மூச்சு திரும்பும், கூடவே வலியும் திரும்பும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கண் சொருகியது, மறுபடி ஊசி. நலாக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், பேட்சை உரித்தாலும் தோலுக்கடியில் தேங்கிய மருந்து பல மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். முழித்துக்கொண்டாரே என்று வீட்டிலேயே வைத்திருந்தால் இரண்டாவது தடவை யார் பார்த்திருப்பார்கள்? பேட்சில் டோஸ் சரிதானாம், சூடு பட்டதால் மருந்து வேகமாக இறங்கிவிட்டது. பேட்ச் மேல் சூடு வைக்கக் கூடாது என்று எங்கள் யாருக்கும் யாரும் சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே தேவையா என்றால், தேவை. வலி மாத்திரையைப் போதைக்காக ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பையன்கள் பற்றித் தமிழ்நாட்டுச் செய்தித்தாளிலேயே வருகிறது. அதில் ஆபத்து அதிகம், கொஞ்ச நாள் விட்டுவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுக்கிறவனுக்கு, உடல் அதற்குள் பழக்கத்தை மறந்திருக்கும். சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம்.

இங்கே மருந்துக்கடைகளில் கேட்டுப் பார்த்தேன், ஸ்ப்ரே இல்லை. ஊசி மருந்து இருக்கிறது, அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும். வீட்டில் மார்ஃபினோ பேட்சோ வைத்திருப்பவர்கள், மருந்து எழுதிக் கொடுத்தவரிடமே "மூச்சு குறைந்தால் நாங்கள் என்ன செய்யணும், வீட்டில் ஏதும் வைத்துக்கொள்ளலாமா" என்று நேராகக் கேளுங்கள். புதுப் பேட்ச் ஒட்டும்போது பழையதை எடுத்தாச்சா என்று பாருங்கள். எடுத்ததை ஒட்டும் பக்கம் உள்ளே போகிற மாதிரி மடியுங்கள், அதில் மருந்து மிச்சமிருக்கும், தவழ்கிற பிள்ளை கையில் கிடைத்தால் விபரீதம்.

அயித்தை அதற்கப்புறம் ஐந்து மாதம் இருந்தார்கள். நான் போகும்போதெல்லாம், நல்லாத் தூங்கினவளை எழுப்பிவிட்டுட்டாள் என்று வந்தவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் புகார்தான்.