கால் ரத்தக்குழாய்களுக்கு எம்.ஆர். ஆஞ்சியோகிராம்: அந்த ஊசி சிறுநீரகத்தைக் கெடுக்குமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 63, எடை 60 கிலோ. 18 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இப்போது நூறு மீட்டர் நடப்பதற்குள் வலது கெண்டைக்கால் வலித்து நின்றுவிடுகிறார். ஒரு மாதமாக வலது பெருவிரலில் புண் ஆறவில்லை. இரவில் பாதம் வலிப்பதால் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடிதான் தூங்குகிறார். டாப்ளர் ஸ்கேனில் தொடையில் அடைப்பு இருப்பதாகவும், முழங்காலுக்குக் கீழே தெளிவாகத் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணர், குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்.ஆர். ஆஞ்சியோகிராம் (எம்.ஆர்.ஐ. முறையில் எடுக்கும் ரத்தக்குழாய்ப் படம்) எடுக்கச் சொல்கிறார். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு 1.6 என்பதால், ஊசி போட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். சி.டி. ஸ்கேன் போதாதா? மாத்திரையிலேயே சமாளிக்க முடியாதா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நடக்கும்போது மட்டும் வலி வந்து, நின்றால் சரியாகிறது என்ற நிலையில் உங்கள் தந்தை இருந்திருந்தால், புகைப்பழக்கத்தை விடுவது, தினமும் முறையாக நடைப்பயிற்சி செய்வது, ஆஸ்பிரின் போன்ற மருந்தையும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தையும் எடுப்பது ஆகியவற்றோடு சில மாதங்கள் பொறுத்துப் பார்க்கலாம், ஸ்கேனுக்கு அவசரமில்லை என்றே எழுதியிருப்பேன். ஆனால் ஆறாத புண்ணும், படுத்தால் வலித்துத் தொங்கவிட்டால் குறையும் பாத வலியும் சேர்ந்து வந்துவிட்டன. ஓய்வில் இருக்கும்போதே பாதத்துக்குத் தேவையான ரத்தம் போகவில்லை என்பதே இதன் பொருள். மாத்திரைகள் இப்போதும் தேவைதான். ஆனால் அவை அடைப்பைத் திறக்கமாட்டா. பலூன் சிகிச்சையோ பைபாஸோ செய்து ரத்த ஓட்டத்தைக் கூட்டினால்தான் விரலையும் பாதத்தையும் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

அந்தச் சிகிச்சையைத் திட்டமிடத்தான் இந்தப் படம். தொடையில் அடைப்பு இருப்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. அது எவ்வளவு நீளம், அதற்கு மேலே இடுப்பிலுள்ள குழாய்கள் நன்றாக இருக்கின்றனவா, முழங்காலுக்குக் கீழே பிரியும் மூன்று தமனிகளில் எது திறந்திருந்து பாதம் வரை போகிறது என்பவை இன்னும் தெரியவில்லை. இவற்றில் கடைசிக் கேள்வி மிக முக்கியம். மேலே எவ்வளவு அழகாகத் திறந்துவிட்டாலும், கீழே ரத்தம் ஓடிச் செல்ல வழி இல்லையென்றால் புண் ஆறாது. முதலில் டாப்ளர் செய்தது சரியான வரிசைதான். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், முதலில் டாப்ளர், ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் சிகிச்சைக்கு முன் மேலும் படம் தேவைப்பட்டால் கான்ட்ராஸ்ட் எம்.ஆர். ஆஞ்சியோகிராம், அது இயலாதவர்களுக்கு சி.டி. என்றே சொல்கிறது. (கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் சோதனையில் எண் 1-க்கு மேல் வந்திருந்தால், அதை நம்பி நிம்மதி அடைய வேண்டாம். நீண்ட நாள் சர்க்கரை நோயில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால் அந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும்.)

இனி, சிறுநீரகம். உங்கள் உறவினர்களின் பயத்தில் இரண்டு வேறு மருந்துகள் கலந்துவிட்டன. சி.டி. ஸ்கேனிலும் வழக்கமான ஆஞ்சியோகிராமிலும் செலுத்தப்படுவது அயோடின் கலந்த மருந்து. சிறுநீரகப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கை முதன்மையாக அதற்கு உரியது. எம்.ஆர்.ஐ.யில் செலுத்தப்படுவது கடோலினியம் என்ற உலோகத்தைக் கொண்ட மருந்து. அளவும் குறைவு: 60 கிலோ எடைக்கு வழக்கமாகச் சுமார் 12 மில்லி, இருமடங்கு அடர்த்தியுள்ள கடோபியூட்ரால் என்றால் 6 மில்லி. கடோலினியத்தில் கவலை வேறு விதமானது. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களிடம் அது உடலில் நீண்ட நேரம் தங்கி, தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஓர் அரிய நோயை உண்டாக்கியது 2006-இல் தெரியவந்தது. அதன் பின் கட்டுப்பாடுகள் வந்தன. அந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாயிருந்த பழைய நேர்கோட்டு அமைப்புள்ள மருந்துகள் சிலவற்றை ஐரோப்பிய மருந்து முகமை 2017-இல் நிறுத்திவைத்தது. உலோகத்தை வளையத்துக்குள் இறுகப் பிடித்து வைத்திருக்கும் கடோடெரேட், கடோபியூட்ரால் போன்றவற்றில் இந்த ஆபத்து மிக மிகக் குறைவு.

63 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.6 என்றால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். ஏறத்தாழ 48 வரும். தனி எச்சரிக்கை தேவைப்படுவது 30-க்குக் கீழே. ஆகவே உங்கள் தந்தைக்கு இந்த ஊசி போடலாம். வளைய அமைப்புள்ள மருந்துதானா என்று ஸ்கேன் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்; கிரியேட்டினின் பரிசோதனை பழையது என்றால் ஒருமுறை புதிதாகப் பாருங்கள், ஏனெனில் புண்ணில் தொற்று இருக்கும்போது அது விரைவாக மாறக்கூடும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டால், இந்த ஊசிக்காக அதை நிறுத்த வேண்டியதில்லை. கடோலினியம் மிகச் சிறிய அளவில் மூளையில் தங்குவது கண்டறியப்பட்டிருக்கிறது. அதனால் தீங்கு நேர்வதாக இதுவரை நிறுவப்படவில்லை என்றாலும், தேவையின்றித் திரும்பத் திரும்ப எடுக்கக் கூடாது என்பதற்கு அது போதுமான காரணம்.

சி.டி. கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 48 என்ற அளவில் அயோடின் மருந்தையும் கவனத்தோடு கொடுக்க முடியும், சி.டி. சில நிமிடங்களில் முடிந்தும்விடும். ஆனால் உங்கள் தந்தையைப் போன்றவர்களுக்குக் கெண்டைக்கால் தமனிகளில் சுண்ணாம்பு அதிகம் படிந்திருக்கும், சி.டி. படத்தில் அது வெள்ளையாகப் பரந்து தெரிந்து, மெல்லிய குழாயின் உள்வழி திறந்திருக்கிறதா இல்லையா என்பதையே மறைத்துவிடும். எம்.ஆரில் சுண்ணாம்பு தெரிவதில்லை, ரத்தம் ஓடும் வழி மட்டுமே ஒளிரும். அதனால் இவருக்கு எம்.ஆர். கேட்ட உங்கள் மருத்துவரின் முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

எம்.ஆருக்கும் குறைகள் உண்டு. அடைப்பைச் சற்று மிகைப்படுத்திக் காட்டும். காலில் ஸ்டென்ட் இருந்தால் அந்த இடம் கறுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது. இதயத்தில் நான்கு ஆண்டுகளுக்கு முன் வைத்த ஸ்டென்ட் ஒரு தடையில்லை. ஆனால் பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாய்க் கிளிப், கண்ணுக்குள் உலோகத்துகள் போன்றவை இருந்தால் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும். தோலில் ஒட்டும் சர்க்கரை அளக்கும் சென்சாரைக் கழற்றிவிட வேண்டியிருக்கும்.

மருந்து கையிலுள்ள சிரை வழியாகச் செலுத்தப்பட்டு, தமனிகளில் இறங்கும் வேகத்துக்கு ஈடாக மேசையும் நகர, வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று மூன்று கட்டமாகப் படம் எடுக்கப்படும். பாதத்தில் புண் உள்ளவர்களுக்கு மருந்து விரைவிலேயே சிரைகளுக்குத் திரும்பிவிடுவதால், தமனியும் சிரையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்து கெண்டைக்கால் படம் குழம்பிப்போவது உண்டு. விரலில் புண் இருப்பதை மையத்தில் சொல்லுங்கள். கெண்டைக்காலையும் பாதத்தையும் நொடிக்கு நொடி தனியாக எடுக்கும் முறையை அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள்.

பெரும்பாலும் யாரும் கவனிக்காத ஒரு சிக்கல் இவருக்கு உண்டு. காலைத் தொங்கவிட்டால்தான் வலி குறைகிறது என்கிறீர்கள். ஸ்கேன் மேசையில் அவர் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் காலை நீட்டி அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஊசிக்கு முன் எடுத்த படத்தை ஊசிக்குப் பின் எடுத்த படத்திலிருந்து கழித்துத்தான் ரத்தக்குழாய்களைப் பிரித்துக் காட்டுகிறார்கள் என்பதால், இடையில் கால் சிறிது நகர்ந்தாலும் படம் கெட்டுவிடும். ஆகவே ஸ்கேனுக்கு முன் என்ன வலி மாத்திரை, எப்போது கொடுப்பது என்று அறுவை சிகிச்சை நிபுணரிடமே கேளுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கித் தரும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள்தான் இந்தச் சிறுநீரகத்துக்கு உண்மையான கேடு.

ஸ்கேன் தேதியை வாரக்கணக்கில் தள்ள வேண்டாம். இடையில் விரல் கறுத்தாலோ, புண்ணில் சீழோ காய்ச்சலோ வந்தாலோ, பாதம் திடீரென்று குளிர்ந்து வெளுத்து மரத்துப்போனாலோ, ஸ்கேனுக்காகக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஸ்கேன் முடிந்ததும் அறிக்கைத் தாளோடும் பிலிமோடும் நின்றுவிடாமல், முழுப் படங்களும் அடங்கிய கணினிக் குறுந்தட்டையும் கேட்டு வாங்கி நிபுணரிடம் கொடுங்கள். பாதம் வரை எந்தத் தமனி போகிறது என்பதை அவர் தம் கணினியில் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.