முதலில் அந்த டிவி சத்தத்தைக் குறையுங்கள்

கேள்வி: மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் பேச வேண்டும், அடுத்தது என் முறை. ‘எனக்குப் பிடித்த பழைய மேடை நாடகம், அது ஏன் இன்னும் நிற்கிறது’ என்பது தலைப்பு. மனோன்மணியம், ஹாம்லெட், வள்ளி திருமணம் என்று மூன்றை வைத்துக்கொண்டு குழம்புகிறேன். முதலாவதைப் பேசினால் மரியாதை. இரண்டாவதைப் படித்தவர்கள் ரசிப்பார்கள். மூன்றாவதுதான் மனசுக்கு நெருக்கம், ஆனால் திருவிழா நாடகத்தைப் போய்ப் பேசுவதா என்று தயக்கம். என் மாமியார் ஒரு காலத்தில் ஸ்பெஷல் நாடகங்களில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம், போட்டவர். என் கணவரைப் படிக்க வைத்ததே அந்த வருமானம்தான் என்பார்கள். வெளியில் நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. இப்போதும் அடுப்படியில் ‘காயாத கானகத்தே’ பாடிக்கொண்டிருப்பார். போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போதும் உள்ளே பாட ஆரம்பித்துவிட்டார், டிவி சத்தத்தைக் கூட்டிச் சமாளித்தேன். அது இருக்கட்டும். எந்த நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது? தயக்கம் போக ஒரு வழி சொல்லுங்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

‘அது இருக்கட்டும்’ என்று நீங்கள் தாண்டிவிட்டீர்கள். நான் தாண்டுவதாக இல்லை.

இந்தப் பகுதிக்கு இதே சங்கதி வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. சம்பந்தி வீட்டார் வருவதற்குள் நாதஸ்வரம் வாசித்த தாத்தாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றியவர்கள் எழுதியிருக்கிறார்கள். கரகம் ஆடிய சித்தியின் பெயரைக் கல்யாணப் பத்திரிகையில் விட்டுவிட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கேள்வி வேறு எதைப் பற்றியோ இருக்கும், நடுவில் இது ஒரு வரியாக வந்து போகும்.

ரிமோட்டை எடுத்தது நீங்கள். சத்தம் எதற்காக ஏறியது என்று உங்கள் அத்தைக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? ஆர்மோனியக்காரர் ஒரு கட்டை ஏற்றிப் பிடித்தால், அடுத்து எந்தப் பாட்டு, எதிரில் நிற்பவர் எங்கே மடக்கப் போகிறார் என்று அந்தக் கணமே புரிந்துகொண்டு பதில் கொடுத்துப் பழகிய காது அது. அந்தக் காதுக்குக் கூடத்தில் டிவி சத்தம் ஏறியதன் அர்த்தம் புரியாமல் போகுமா? பாட்டு அப்போதே நின்றிருக்கும். நீங்கள் காபி தம்ளர்களை அடுக்கிக்கொண்டு இருந்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். இரண்டும் ஒரே விஷயம்தான்.

வள்ளி திருமணத்தையே பேசுங்கள். மற்ற இரண்டையும் குறைத்துச் சொல்லவில்லை. மனோன்மணியம் 1891-ல் வந்த பெரிய நூல், அதன் பாயிரத்திலிருந்து எடுத்த வாழ்த்தைத்தான் தினமும் உங்கள் பள்ளியில் பாடுகிறீர்கள். ஆனால் அதை மேடையில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அது படிப்பவர்கள் கையில் வாழ்கிறது. ஹாம்லெட்டைப் பம்மல் சம்பந்த முதலியார் ‘அமலாதித்யன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்து மேடையேற்றியிருக்கிறார், அதைப் பேசுவதிலும் ஒரு தப்பும் இல்லை. ஆனால் நீங்களே எழுதிவிட்டீர்கள், ஒன்று மரியாதைக்கு, இன்னொன்று படித்தவர்களுக்கு, மூன்றாவது மனசுக்கு என்று. பிடித்த நாடகம் எது என்று கேட்டால், எதைச் சொன்னால் கௌரவம் என்று யோசிக்கிறீர்கள். டிவி சத்தத்தைக் கூட்டியதும் இதே யோசனைதான்.

வள்ளி திருமணம் ஏன் நிற்கிறது? கதைக்காக யாரும் வருவதில்லை. முருகன் வேடனாக வருவான், விருத்தனாக வந்து தேனும் தினைமாவும் கேட்பான், அண்ணன் யானையாக வந்து பயமுறுத்துவான், விடியும்போது கல்யாணம் நடக்கும். மேலூர்ப் பக்கத்துக் குழந்தைக்கும் இது தெரியும். தெரிந்தும் பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு வந்து ராத்திரி முழுக்க உட்காருகிறார்கள் என்றால், இன்றைக்கு நிற்கிற வள்ளி என்ன பதில் சொல்லப் போகிறாள் என்று கேட்கத்தான்.

ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கிறது என்று உங்கள் கூட்டத்தில் விளக்கமாகச் சொல்லுங்கள், அங்கே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. கம்பெனி கிடையாது, டைரக்டர் கிடையாது, ஒத்திகை கிடையாது. ஆளாளுக்குத் தனித்தனியாகப் பேசி அமர்த்துகிறார்கள். கதாநாயகனாக வருகிற ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், பபூன் திண்டுக்கல்லிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து வருவார். சில நேரம் அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அப்படியும் விடிய விடிய நாடகம் நடக்கிறது. காரணம், சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டுகள் எல்லோருக்கும் பொதுச் சொத்தாக மனப்பாடம். 1867-ல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்த அந்த மனிதர்தான் இந்த மேடைக்கு வாத்தியார். கடைசிக் காலத்தில், 1918-ல், நம் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்று பையன்களை வைத்து ஒரு சபையை ஆரம்பித்தார். பின்னாளில் நாடக உலகில் பெயர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பிள்ளைகளாக வந்து சேர்ந்தது அங்கேதான்.

பாட்டு சுவாமிகளுடையது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வருகிற தர்க்கம் மேடையில் நிற்பவருடையது. தினைப்புனத்தில் நாரதர் வந்து மடக்குவார். அப்புறம் வேலன் வந்து வம்பு பண்ணுவான். புராணம் தெரிந்திருக்க வேண்டும், திருப்புகழ் நாக்கில் இருக்க வேண்டும், கூட்டத்தில் எவனாவது கத்தினால் அதையும் சமாளிக்க வேண்டும். கோபம் காட்டினாலும் நாணம் காட்டினாலும் அளவு தவறக்கூடாது. நள்ளிரவு தாண்டி, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, எழுதி வைக்காத வார்த்தைகளில் ஒரு ஆணுக்குச் சரிக்குச் சரி பதில் சொல்லி, தன் மரியாதையை விட்டுக்கொடுக்காமல் நிற்பது எவ்வளவு பெரிய படிப்பு என்று ஒரு தமிழாசிரியைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று, எதிர்பாராத ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த இடைவெளி திறந்தே இருப்பதால்தான் காலம் உள்ளே வர முடிகிறது. நம் திருமங்கலத்தில் வாழ்ந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளி ஆலோலம் பாடிப் பறவை விரட்டுகிற இடம். அங்கே அவர் ‘கொக்கு பறக்குதடி பாப்பா’ என்று வெள்ளைக்காரனைக் கொக்காக்கிப் பாடினார். போலீஸ் மேடையேறியது, ஜெயிலுக்கும் போனார், வந்து மறுபடியும் பாடினார். அவருடைய சாதியைக் காட்டி, அவரோடு சேர்ந்து நடிக்க மாட்டேன் என்றவர்களும் உண்டு. 1940 டிசம்பர் 31-ம் தேதி, சென்னை ராயல் தியேட்டரில், முருகனாக மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது. எந்த நாடகத்தில்? இதே வள்ளி திருமணத்தில். ‘திருவிழா நாடகத்தைப் போய்’ என்று எழுதினீர்களே, அந்தப் ‘போய்’ என்னை நிஜமாகவே கோபப்படுத்தியது. திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. மேலூரிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்வரலாம், பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் வீட்டில் கே.பி.சுந்தராம்பாள் பாட்டு ஒலிக்குமா, ஒலிக்காதா? விருந்தாளி வந்தால் அதை நிறுத்துவீர்களா? அந்த அம்மாளும் இதே மேடையில் கிட்டப்பாவுக்கு எதிரே வள்ளியாக நின்றவர்தான். அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், சட்ட மேலவையில் உட்கார வைத்தார்கள், ஔவையார் என்றாலே அவர் முகம்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. அதே பாட்டை, அதே வேஷத்தை, உங்கள் அடுப்படியில் ஒரு பெண் சுமந்துகொண்டிருந்தால் அதற்கு டிவியைத் திருப்புகிறீர்கள். மேடைப் பெண்களைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கண் விழித்துக் கைதட்டிப் பார்த்த அதே ஊர்தான், விடிந்ததும் அவர்களைப் பற்றி ஒரு மாதிரி பேசும். ஊர் பேசட்டும். ஸ்திரீபார்ட் சம்பளத்தில் படித்த வீடு அந்தப் பேச்சுக்கு ஒத்து ஊதக்கூடாது. பெற்றவளின் உழைப்பில் வளர்ந்தவன் அந்த உழைப்பின் பெயரைச் சபையில் சொல்லியாக வேண்டும், அது கடமை. விருப்பமிருந்தால் செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடிதத்தில் உங்கள் கணவர் எங்கே? ஒரே ஒரு இடத்தில், படிக்க வைக்கப்பட்டவராக வருகிறார். அவருடைய அம்மாவை மறைக்கிற வேலை உங்கள் தலையில் எப்படி விழுந்தது? இதை முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் வாயால்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயம் போக வேண்டும், அதுவும் இந்த வாரத்துக்குள். ‘என் அம்மா நாடகக் கலைஞர், ஸ்திரீபார்ட், அந்தப் பணத்தில்தான் நான் படித்தேன்.’ இந்த ஒரு வாக்கியம் போதும், மன்னிப்புக் கேட்கிற குரலில் வேண்டாம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள், நான் ஒருநாளும் அதை ஒப்புக்கொண்டதில்லை. அந்தப் பொய்களை அப்புறம் கட்டி மேய்ப்பது கல்யாணமாகிப் போகிற பெண்தான். இதைக் கேட்டு அவர்கள் பின்வாங்கினால் பின்வாங்கட்டும். அப்பத்தாவைச் சொல்ல முடியாத வீட்டில் உங்கள் மகள் எப்படி வாய் திறந்து பேசி வாழ்வாள்? அன்றைக்கு நீங்கள் ரிமோட்டை எடுத்ததை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

இனி அத்தை. நேராகப் போய் ‘மன்னிச்சிருங்க அத்தை’ என்று காலில் விழ வேண்டாம், அவருக்குச் சங்கடமாக இருக்கும். அடுப்படியில் அவர் பாடும்போது பக்கத்தில் உட்காருங்கள். ‘காயாத கானகத்தே நின்றுலாவும் நற்காரிகையே’ என்பது வேலன் வள்ளியைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. உங்கள் அத்தை வள்ளி. அவர் தன் பாட்டை விட்டுவிட்டு, எதிராளி பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறார். அதனால் இதைக் கேளுங்கள்: ‘இதுக்கு நீங்க மேடையில என்ன பதில் சொல்வீங்க அத்தை?’ அப்புறம் நீங்கள் பேசாதீர்கள். எந்த ராஜபார்ட் நன்றாகத் தர்க்கம் பண்ணுவார், எந்த ஊர்க் கூட்டம் முரட்டுக் கூட்டம், நாரதருக்கு என்ன சொல்லி வாயடைத்தார், மகனைத் தூங்க வைத்துவிட்டு எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்று ஒவ்வொன்றாக வரும். போனில் பதிவு பண்ணலாமா என்று கேட்டுவிட்டுப் பதிவு பண்ணுங்கள். நடிகர்கள் படமும் பெயரும் ஊரும் போட்டு நாடக நோட்டீஸ் அச்சடிப்பார்கள், டிரங்குப் பெட்டி அடியில் ஒன்றிரண்டு கிடக்கும். கிடைத்தால் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அவர் சொல்கிற தர்க்கத்தில் நாலு வரி போதும், உங்கள் பேச்சு அதை வைத்தே எடுபட்டுவிடும். புத்தகத்திலிருந்து எதையும் தேட வேண்டியதில்லை. ஆனால் இது யார் சொன்னது என்று கூட்டத்தில் சொல்வதற்கு அவர் சம்மதம் வேண்டும். ‘வேண்டாம் தாயி’ என்றால் விட்டுவிடுங்கள், பெயர் இல்லாமல் பேசுங்கள். மறைப்பது உங்களுக்குக் கூடாது. மறைத்து வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவர் தீர்மானம். வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு போங்கள், முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்லுங்கள். பாடச் சொல்லி யாராவது மைக்கை நீட்டினால், அதை வாங்குவதும் வாங்காததும் அவர் இஷ்டம், நீங்கள் நடுவில் புகுந்து எதுவும் சொல்லாதீர்கள். மாப்பிள்ளை வீட்டாரையும் அந்தக் கூட்டத்துக்கு வரச் சொல்லலாம்.