கணக்குச் சொல்லித் தர நான் போதுமா? – வாசகர் கேள்வி-பதில்

கே: பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுதியில் ஜூனியர்களுக்கு அரியர் பேப்பர் சொல்லிக் கொடுத்தேன், எல்லோரும் தேறிவிட்டார்கள். பள்ளிக் கணக்கு இதைவிடச் சுலபம்தானே? (திருச்சி)

ப: கணக்கு சுலபம். சொல்லித் தருவது அப்படியல்ல. ஜூனியர் தானாகத் தேடி வருகிறார். எது புரியவில்லை என்று சொல்லவும் அவருக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் பாதிப் பேர் புரியாமலே தலையாட்டுவார்கள். ஆனால் உங்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு: நீங்கள் குழம்பிய இடங்கள் இன்னும் மறந்திருக்காது. ஒரே எச்சரிக்கை, பேனா மாணவன் கையில் இருக்கட்டும்.

கே: டிகிரி படிக்கிறேன். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதலாமா?

ப: என்ன டிகிரி, எந்த வகுப்புக்கு? ஊரைக்கூட எழுதவில்லை. கணக்கு என்றே வைத்துக்கொள்கிறேன். 6 முதல் 8 வரை நடத்த இரண்டாம் தாள். 150 கேள்வியில் கணிதமும் அறிவியலும் சேர்ந்து 60. பொதுப் பிரிவுக்கு 90 மதிப்பெண் வேண்டும். பி.எட். இரண்டு வருடம். அரசுப் பள்ளி வேலை என்றால் டெட்டுக்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வும் இருக்கிறது. முதலில் அறிவிக்கையைப் படியுங்கள், அப்புறம் கேளுங்கள்.

கே: பி.இ. முடித்தவன் பி.எட். சேர முடியுமா? (ஈரோடு)

ப: முடியும். எத்தனை விழுக்காடு கேட்கிறார்கள் என்பதை அந்த ஆண்டுச் சேர்க்கை அறிவிப்பில் பாருங்கள்.

கே: கல்லூரி முடிந்து மாலையில் ட்யூஷன் எடுக்கிறேன். 'இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' மாதிரி ஷார்ட்கட் சொன்னால் பசங்க சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். இதையே பள்ளியிலும் செய்யலாமா? (மதுரை)

ப: வேண்டாம், தம்பி. அந்த ஒரு வரியால் பாழான விடைத்தாள்கள் கொஞ்சமா? 2 எக்ஸ் + 6 = 14 என்று கொடுக்கிறீர்கள். பையன் 6-ஐ அந்தப் பக்கம் அனுப்பி, 2 எக்ஸ் = 8 என்று எழுதுகிறான். சரி. அடுத்து 2-ஐயும் குறி மாற்றி அனுப்புகிறான்: எக்ஸ் = 8 − 2 = 6. நீங்கள் சொன்னதைத்தானே செய்தான்? 6-ஐப் போட்டுப் பார்த்தால் 14-க்குப் பதில் 18 வரும். போட்டுப் பார்க்க அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் 6-ஐக் கழி, இரண்டு பக்கமும் 2-ஆல் வகு என்று பழக்கியிருந்தால் விடை 4 என்று தானே வந்து நிற்கும்.

கல்லூரிப் பிள்ளைகள் இங்கேதான் வழுக்குகிறார்கள். நடு வரி அவர்களுக்கு மனத்துக்குள்ளேயே ஓடிவிடுவதால் பலகையில் எழுதுவதில்லை. ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயரை, ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று ஒரு பெண் எழுதினால், 'சூத்திரம் மறந்துட்டியா?' என்று கேட்டு விட்டுப்போன 2ஏபி-யைத் தாங்களே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 3-ம் 4-ம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வழியில் 49, இன்னொரு வழியில் 25. அவளே திடுக்கிடுவாள். ஷார்ட்கட் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காரணம் புரிந்தபின் அவர்களே கண்டுபிடிக்கட்டும். மறுபடியும் சொல்கிறேன், பேனா உங்கள் கையில் வேண்டாம்.

கே: மகள் பத்தாம் வகுப்பு. பக்கத்து வீட்டில் எம்.எஸ்சி. படிக்கும் பெண் ட்யூஷன் எடுக்கிறாள். அனுப்பலாமா? (சேலம்)

ப: மகளின் காலாண்டு விடைத்தாளை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள், அம்மா. தப்பான கணக்கை மளமளவென்று சரியாகப் போட்டுக் காட்டினால் யோசியுங்கள். 'இந்த வரியை ஏன் இப்படி எழுதினாய்?' என்று மகளைக் கேட்டால் தாராளமாக அனுப்பலாம். இன்னொன்று, பொதுத்தேர்வில் 100-க்கு 16 மதிப்பெண் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் போகிறது. கல்லூரிக்குப் போனபின் காம்பஸைத் தொடுகிறவர்கள் குறைவு. வட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியிலிருந்து தொடுகோடு வரையச் சொல்லிப் பாருங்கள்.

கே: கல்லூரியில் என் மதிப்பெண் 60 விழுக்காடுதான். பத்தாம் வகுப்புக்கு நடத்தலாமா? (கடலூர்)

ப: பின்பக்க விடைகளைப் பார்க்காமல் பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் பயிற்சிக் கணக்குகளை முழுக்கப் போட்டு முடியுங்கள். முடிந்தால் நடத்தலாம்.

கே: ஒருவருக்கு நன்றாகச் சொல்லித் தருகிறேன். நாலு பேர் உட்கார்ந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. (நாகர்கோவில்)

ப: பேச்சைக் குறையுங்கள். பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து நோட்டுகளைப் பாருங்கள். மூன்று பேரிடம் ஒரே தப்பு தெரிந்தால் அதை மட்டும் பலகைக்குக் கொண்டுவந்து பேசினால் போதும்.